குபியாக் கேட்ட மாற்றம்

எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு நாரைகள் என்று பெயர். போன வருஷம் அவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஒற்றைக் காலில் நின்றபடி பந்து போவதை வேடிக்கை பார்த்தார்கள். கோடை முடிவதற்குள் வரிசையில் கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே கூடும் கட்டிவிட்டார்கள்.

இதற்காகத் தூக்கம் கெட்டவர் ஊரில் ஒருவர்தான். லெஸ்டர் குபியாக். ஏரிக்கரை டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். என் பாரில் டிவிக்கு நேர் எதிரே இருக்கும் ஸ்டூல் அவருடையது. வேறு யாராவது தெரியாமல் உட்கார்ந்துவிட்டால், பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்.

ஞாயிறு காலைகளில் ரசிகர்கள் போன் போட்டுப் பேசும் வானொலி நிகழ்ச்சி ஒன்று உண்டு. குபியாக் வாரம் தவறாமல் பேசுவார். மேனேஜரை மாற்ற வேண்டும், மைதானத்துப் புல்லை மாற்ற வேண்டும், அங்கே விற்கிற சாசேஜை மாற்ற வேண்டும். நாரை வேஷம் கட்டிக் குதிக்கிறானே, அவன் ஒருத்தனுக்குத்தான் அந்த அணியில் ஓடத் தெரிகிறது, அவனை ஆட்டத்தில் இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் டுவைட் ப்ளீக்கரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ப்ளீக்கர் எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிபவர், நாற்பதை நெருங்கிய மனிதர்.

"அவன் எறியற பந்து வந்து சேர்றதுக்குள்ள நான் ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்துடுவேன்" என்று குபியாக் வானொலியில் சொன்னதை ஊரே சொல்லிச் சிரித்தது.

இத்தனை வாய்க்கும் பின்னால் ஓர் ஏக்கம் இருந்தது. பந்தை அடித்து அவுட் ஆகாமல் ஓடிச் சேர்ந்தால் ஹிட். எதிரணிக்கு அப்படி ஒன்றுகூடக் கொடுக்காமல் ஒரே பிட்சர் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்தால் அதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். நாரைகள் அதைச் செய்தது ஒரே ஒரு முறை, அதுவும் குபியாக்கின் கல்யாணத்தன்று. அவர் வெர்னாவுக்கு மோதிரம் போட்டுக்கொண்டிருந்தபோது பாதி விருந்தாளிகள் சர்ச்சுக்கு வெளியே கார் ரேடியோவைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. கண்ணை மூடுவதற்குள் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஒரே ஆசை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும்.

சீசனின் கடைசி ஞாயிறு. இழவு வீட்டுக்குத் தலையைக் காட்ட வருகிறவர்களைப் போலச் சிலர் பாருக்கு வந்திருந்தார்கள். எறிந்தது ப்ளீக்கர். ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணிக்கு ஹிட் ஒன்றும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. அது நடந்துகொண்டிருக்கும்போது அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் கண் பட்டுவிடும். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும், கால் மரத்துப்போனாலும் மாற்றி வைக்கக் கூடாது. எங்கள் பல் டாக்டர் கோழி இறக்கையைக் கடிக்கப் போனவர், அதைக் கையில் பிடித்தபடியே சிலையாகிவிட்டார். இத்தனைக்கும் படித்தவர்.

குபியாக்கும் ஆடாமல் அசையாமல்தான் இருந்தார். ஆனால் குடித்த பியர் சும்மா இருக்குமா? ஏழாவது இன்னிங்ஸில் தாங்க முடியாமல் பாத்ரூமுக்கு ஓடினார். அவர் உள்ளே இருந்த நேரத்தில் அந்த இன்னிங்ஸை முடிக்கும் மூன்று பேரும் மளமளவென்று அவுட். அவர் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் எட்டாவது இன்னிங்ஸின் முதல் ஆள் ஓங்கி ஒன்று விட்டான். பந்து சுவர் வரை பறந்தது. நாரை ஒன்று வாழ்நாளில் முதல்முறையாக எம்பிக் குதித்து அதைப் பிடித்தது.

வெர்னாவின் தம்பி ஹெர்ப் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தான்.

"மச்சான், திரும்ப உள்ள போ."

"இப்பத்தானடா வந்தேன்."

"போன்னா போ."

போனார். அடுத்த இரண்டு பேரும் சத்தமில்லாமல் அவுட். அதற்குமேல் யாருக்கும் அத்தாட்சி தேவைப்படவில்லை. ஹெர்ப் ஒரு நாற்காலியை இழுத்துப் பாத்ரூம் கதவில் முட்டுக் கொடுத்தான். அவசரம் என்று எழுந்த ஒருவரை எதிர்ப் பெட்ரோல் பங்குக்கு அனுப்பினோம்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்குவதற்குள் குபியாக் கதவை இடித்தார். கெஞ்சினார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார், ஒரு கண்ணை மூடிக்கொண்டாவது பார்க்கிறேன் என்றார். கடைசியில், அவரோடு பாருக்கு வந்திருந்த வெர்னா எழுந்து கதவருகே போனாள்.

"லெஸ்டர், போன தடவை இது நடந்தப்போ நீ எங்க இருந்தே?"

"உன் பக்கத்துல."

"பார்த்தியா?"

"இல்ல."

"இந்த வருஷம் எந்த ஆட்டத்தையாவது பார்க்காம விட்டியா?"

கதவை இடிப்பது நின்றது.

"எதை மாத்தணும், எதை மாத்தணும்னு வருஷம் பூரா கேட்டியே."

அவ்வளவு சொல்லிவிட்டு வெர்னா வந்து உட்கார்ந்துகொண்டாள். சற்றுப் பொறுத்து, உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

ப்ளீக்கர் முடித்துவிட்டார். அழுதோம், கட்டிப்பிடித்தோம், டாக்டரின் கோழி இறக்கை பறந்தது. குபியாக்கின் நினைவு வர எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று. நான் போய் நாற்காலியை நகர்த்திவிட்டுத் தட்டியதும் கதவைத் திறந்தார். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார். கண்கள் சிவந்திருந்தன.

"கடைசிப் பந்து எப்படி வந்துச்சு?"

மின்னல் மாதிரி வந்தது என்றான் ஹெர்ப். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரொம்ப மெதுவா வந்துச்சு. அடிக்கிறவன்தான் அவசரப்பட்டுட்டான்."

"ஒரு டிரிப் அடிச்சிட்டு வந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். தோள் மட்டும் வெகு நேரம் குலுங்கிக்கொண்டே இருந்தது.

குளிர்காலம் முழுவதும் வானொலிக்காரர் அவருடைய போனுக்காகக் காத்திருந்தார். அது வரவேயில்லை. அணியிலும் எதையும் மாற்றவில்லை. மேனேஜர் அவரேதான், புல் அதேதான், சாசேஜும் அதேதான்.

ஏப்ரலில் முதல் ஆட்டத்தன்று குபியாக் அக்குளில் ஒரு குஷனோடு வந்தார். தன் ஸ்டூலைத் தாண்டி நடந்தார். பாத்ரூம் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தோத்துட்டாங்கன்னு தெரிஞ்சா தட்டு. வந்து உட்கார்ந்துக்கறேன்."

மூன்றாவது இன்னிங்ஸிலேயே தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கதவைத் தட்ட மனசு வரவில்லை.