பட்டுப் பாவாடைக்குள் மஞ்சள் பனியன்

1983 ஜனவரி 22, சனிக்கிழமை. ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். அதற்கு முன்பே கணவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போடிமெட்டுக்குக் கிளம்பியிருந்தார். ஏலத்தோட்டத்து ஆட்களை மேலே இறக்கிவிட்டுப் பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். இட்லி, தேங்காய்ச் சட்னி. துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். மகளை எழுப்பப் போனபோது அவள் ஏற்கெனவே எழுந்து, பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டு, மஞ்சள் பனியனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று காலையைப் பற்றி என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதியை எழுத அப்போது கை வரவில்லை.

மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. பிறவியிலேயே காது கேட்காது. மற்றப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளியில்தான் எட்டாம் வகுப்புப் படித்தாள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுவாள்; பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வாள். படிப்பில் நடுத்தரம். கபடியில் அப்படியில்லை. எதிராளியின் காலைப் பிடித்தால் விடமாட்டாள். விசில் காதில் விழாது என்பதால் உண்மையிலேயே விடமாட்டாள். யாராவது வந்து தோளைத் தட்ட வேண்டும்.

ஆனால் எதிராளியைப் பிடிக்கிற வேலை மட்டும் அவளுக்குப் போதவில்லை. கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும். அதற்கு ‘கபடி, கபடி’ என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்வது நடுவர் காதில் விழ வேண்டும். நின்றால் ஆட்டம் போச்சு.

அந்தச் சொல்லை அவளுக்கு நான்தான் பழக்கினேன். ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் பெண்களை மேற்பார்க்கும் வேலை எனக்கு. பள்ளி விட்டதும் அவள் அங்கே வந்துவிடுவாள். சல்லடைகளுக்கு நடுவே உட்காரவைத்து, அவள் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுவேன். உதடு ஒட்டிப் பிரிகிற எழுத்து கண்ணுக்குத் தெரியும். தொண்டையிலேயே பிறக்கிற முதல் எழுத்து தெரியாது. அதனால் அவளுக்கு ‘அபடி, அபடி’ என்றுதான் வந்தது. கனத்த, சற்றே கரகரத்த குரல். ஆனாலும் அறுபடாத குரல்.

“என்னக்கா, பிள்ளை காய்க்கு வெலை சொல்லுதா, கபடி ஆடுதா?” என்று ஒருத்தி கேட்பாள்.

“நீ வெலை சொல்ற லட்சணத்துக்கு இது எவ்வளவோ தேவலை. பொறுக்குடி வெரசா” என்று இன்னொருத்தி வாயை அடைப்பாள்.

பள்ளி அணியின் பிள்ளைகள் பயிற்சியில் அந்த ‘அபடி’யை ஒப்புக்கொண்டார்கள். வெளிப்பள்ளியோடு ஆடும்போது மட்டும் அவளை உட்காரவைத்துவிடுவார்கள். அந்த ஜனவரியில் எங்கள் பள்ளி மைதானத்தில் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் போட்டி நடப்பதாக இருந்தது. பள்ளியின் டிரில் டீச்சர் அணிப் பட்டியலில் இவளையும் சேர்த்துவிட்டார். ஐந்தாம் எண் போட்ட மஞ்சள் பனியன் வீட்டுக்கு வந்தது. முதுகில் எண்ணை நான்தான் தைத்தேன்.

போட்டிக்கு நான்கைந்து நாள் முன்பு தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். போட்டி தொடங்கும்போது பிள்ளைகள் தேசிய கீதம் பாடுவார்கள், என் மகள் மேடையில் முன்னால் நின்று அதைக் கையால் செய்து காட்ட வேண்டும் என்றார். அவள் வகுப்பில் அப்படிச் செய்ததை ஒருநாள் அவர் பார்த்திருக்கிறார்.

“பட்டுப் பாவாடை இருக்கும்ல? தலை நெறையப் பூ வச்சுக் கூட்டிட்டு வாங்க. வர்ற விருந்தாளிகிட்டயும் சொல்லியாச்சு. கீதம் பாடுறப்ப கைய அசைக்கலாமான்னு மொதல்ல யோசிச்சார். அப்புறம் சரின்னுட்டார்.”

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஊரே எழுந்து நிற்க என் மகள் மேடையில் நிற்பதைப் பார்க்க எந்தத் தாய்க்கு ஆசை இருக்காது? இருந்தும் ஒன்றைக் கேட்டேன்.

“அணியெல்லாம் பனியன் போட்டு கீழ வரிசையா நிக்கும்ல டீச்சர்? இவ எங்க நிப்பா?”

“இவ மேடையில. அதுதான் கௌரவம்.”

“அப்ப ஆட்டம்?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல மனுஷிதான். “அம்மா, ஆட்டத்துக்கு விதின்னு ஒண்ணு இருக்கு. குரல் வேணும்” என்றார்.

“கீதத்துக்கும் குரல் வேணும்தான டீச்சர். அங்க கை போதும்ங்கிறீங்க.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். டிரில் டீச்சர் நடுவரிடம் பேசிப் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார். டிரில் டீச்சர் பேசினார். வேறொரு பள்ளியின் ஆசிரியர்தான் நடுவர். “குரல் கேட்டாச் சரி. சொல் எப்படி இருந்தாலும் பரவாயில்ல” என்று அவர் சொன்னதாக மகளிடம் எழுதிக் காட்டினார். அன்று மாலை அவள் கடையிலிருந்து வீடுவரை நடக்கவேயில்லை, ஓடினாள்.

கணவருக்குக் கபடிச் செய்தி இரண்டாம் பட்சம். கீதச் செய்தியை ஜீப் நிறுத்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். மலையில் பழகிய மலையாளத்தில் “கொள்ளாம், கொள்ளாம்” என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

“அவளுக்கு மேடை வேணாங்க. ஆடணும்ங்கிறா” என்றேன்.

“ஆடுறதுக்கு நூறு பிள்ளைக இருக்கு. இத எம் மகதான் செய்ய முடியும். ஒனக்கு எதுலயும் ஒரு நொட்டை.”

“நான் நொட்டை சொல்லல. அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்க?” என்றார்.

நான் கேட்டேன். பட்டுப் பாவாடையை ஒரு கையிலும் பனியனை இன்னொரு கையிலும் பிடித்துக் காட்டினேன். எதை விடுவது என்ற முகக்குறிப்பே அவளிடம் இல்லை. இரண்டையும் வாங்கினாள். பனியனைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கழுத்தருகே மஞ்சள் தெரிந்தது. ஊசி எடுத்து அதை உள்ளே மடித்துத் தைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் பஸ்சில் ஆட்கள் வந்திருந்தார்கள். கடைப் பெண்கள் ஐந்தாறு பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். கணவர் ஜீப்பை மைதானத்து வாசலிலேயே நிறுத்திவிட்டு, மலைப்பாதைத் தூசி படிந்த சட்டையோடு ஓடி வந்தார்.

கீதம் தொடங்கியது. பாடும் பிள்ளைகள் அவளுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களைப் பார்க்காமல் அவளுக்குத் தாளம் தெரியாது. அதனால் கீழே அணி வரிசையில் நின்ற தலைவி, உடம்பை அசைக்காமல், ஒரு விரலால் மட்டும் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். மகளின் கண் அந்த விரலைவிட்டு அகலவில்லை. கைகள் மட்டும் விரிந்தன, உயர்ந்தன, கூடின. மலையைக் காட்ட வேண்டிய இடத்தில் எங்கள் மேற்கு மலையையே நேராகக் காட்டினாள். மற்ற மலைகளை அவள் பார்த்ததில்லை. பாட்டு முடிந்த அதே நொடியில் அவள் கையும் முடிந்தது.

கூட்டம் கொஞ்ச நேரம் சத்தமே போடவில்லை. பிறகு போட்டது. விருந்தாளி ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். கணவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

அவள் தட்டைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். கடைப் பெண்கள் சுற்றி நின்று சேலையால் மறைக்க, பட்டை உருவி எறிந்தாள். உள்ளே தயாராக நீலக் குட்டைப் பாவாடையும் மஞ்சள் பனியனும்.

“அடி ஆத்தா, உள்ள ஒரு பிள்ளை இருக்கு!” என்றாள் ஒருத்தி.

ஆட்டத்தில் முதல் பாதி முழுக்கப் பிடித்தாள். எதிரணி ராசிங்காபுரத்துப் பிள்ளைகள். காட்டு வேலை செய்து உறுதிப்பட்ட கை கால்கள். இரண்டாம் பாதி முடியப்போகும் நேரத்தில் எங்கள் பக்கத்தில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். தலைவி என் மகளைப் பார்த்துக் கோட்டுக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

போ என்று அர்த்தம். அவள் அதற்காக எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். குனிந்து மண்ணைத் தொட்டுக் கோட்டைத் தாண்டினாள்.

அப்போதுதான் அது நடந்தது. மேடையில் நின்ற பிள்ளை இவள்தான் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. ‘அந்தப் பிள்ளைடா!’ என்று யாரோ கத்த, மைதானமே எழுந்து கை தட்டியது. விசிலடித்தார்கள். என் கணவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூவினார். அந்த இரைச்சலுக்குள் அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. தொண்டை நரம்பு புடைத்து நிற்பது தெரிந்தது. அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை.

நடுவர் காதில் கையைக் குவித்துக் குனிந்தார். இன்னும் ஓர் அடி கிட்டே போனார். பிறகு விசில் ஊதினார்.

ராசிங்காபுரத்துப் பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். அவளுக்கு விசில் எங்கே கேட்டது? நின்றவர்களில் ஒருத்தியைத் தொட்டாள். பாய்ந்து இன்னொருத்தியையும் தொட்டாள். திரும்பி ஓடி வந்து கோட்டைத் தாண்டி, இரண்டு கையையும் உயர்த்திக் குதித்தாள். இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு பேர்!

கூட்டம் அடங்கிவிட்டிருந்தது. அங்கே இருந்த அத்தனை பேரிலும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. இதை எழுதும் இன்றைக்கும் அந்த முகத்தைத் திரும்பப் பார்க்க ஏங்குகிறேன். யாரும் கிட்டே போகக் கூடாது, யாரும் தோளைத் தட்டக் கூடாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். தலைவிதான் போய்த் தொட்டாள். நடுவரைக் காட்டினாள். மகளின் இரண்டு விரல்களும் மெல்ல மடங்கின.

நாங்கள் தோற்று ஆட்டம் முடிந்ததும் நடுவர் என்னைத் தேடி வந்தார்.

“அம்மா, தப்பா நெனைக்காதீங்க. பிள்ளை சொல்லியிருக்கும். ஆனா கூட்டத்துச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் விழல. கேக்காததக் கேட்டேன்னு எப்படிச் சொல்ல?”

“நீங்க செஞ்சது சரிதாங்க சார்” என்றேன். சரிதான். அந்தச் சரியை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

இம்மாதிரிப் பிள்ளைகளை விளையாட்டு மைதானங்களில் கீதத்துக்கு நிறுத்தலாமா என்று இப்போதும் யாராவது பேசினால் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடிவதில்லை. அந்தக் கைகளை நான் பார்த்தேன். அவளும் அதை விரும்பித்தான் செய்தாள். ஆனால் கீதத்துக்கு அவளைப் பார்த்து அழுதவர்கள், ஆட்டத்துக்குக் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும்.

அடுத்த வருடம் மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் விடுதியோடு இடம் கிடைத்தது. அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கபடி கிடையாது. படித்தாள், வேலைக்குப் போனாள், இப்போது வெளியூரில் இருக்கிறாள். ஒரே ஒரு முறை, ஒரு நடுவரின் கை அவள் பக்கம் உயர்வதை நான் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆசை எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போட்டி நடந்த அன்று சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பிடவில்லை. தான் தொட்டது ஏன் செல்லாது என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பிக் கேட்டாள். நான் வாயையும் காதையும் காட்டி, கூட்டம் கத்தியதைக் காட்டி, நடுவர் காதைக் குவித்ததைக் காட்டினேன். புரிந்துகொண்டாள். அவர்கள் ஏன் கத்தினார்கள் என்று அடுத்ததாகக் கேட்டாள். உனக்காகத்தான் என்று அவள் நெஞ்சைத் தொட்டேன். அது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. கணவர் எவர்சில்வர் தட்டை அலமாரியில் நிமிர்த்தி வைத்திருந்தார். எழுந்து போய் அதைப் படுக்கப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நானும்லடி கத்துனேன்” என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜீப்புக்கு ஓய்வு. குடத்தோடு வாசலுக்கு வந்தபோது அப்பாவும் மகளும் எனக்கு முன்பே தெருவில் இருந்தார்கள். அவரைத் தெருமுனையில் நிறுத்தி, தன் குரல் கேட்டால் கையைத் தூக்க வேண்டும் என்று சைகையால் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் வாசல்வரை ஓடி வந்து, மூச்சை இழுத்து, “அபடி, அபடி, அபடி” என்றாள்.

குழாயடியில் ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். “காலங்காத்தால என்ன மதினி கூப்பாடு?”

“கபடி” என்றேன்.

தெருமுனையில் அவர் கை உயர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. பின்பக்கமாகவே நடந்து, எங்கள் வீட்டைத் தாண்டி, இன்னும் தள்ளிப் போய் நின்றாள்.