பேக்வாஷ் அண்ணனின் வலது கை

பேக்வாஷ் அண்ணன் என்றால்தான் தொழிலில் அவரைத் தெரியும். வீட்டு நீச்சல் குளங்களின் மணல் ஃபில்டரைப் பார்ப்பது அவர் வேலை. இடுப்பு உயரத்துக்கு ஒரு தொட்டி, உள்ளே முக்கால்வாசி மணல். பம்பு குளத்துத் தண்ணீரை இழுத்து மேலிருந்து மணலுக்குள் விடும். அழுக்கு மணலில் தங்கிவிடும், தெளிந்த தண்ணீர் குளத்துக்குத் திரும்பும். மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விடவேண்டும். அத்தனை நாள் சேர்ந்ததெல்லாம் குபுகுபுவென்று கருப்பாகக் கொட்டும். அதற்குப் பெயர் பேக்வாஷ். இவரிடம் ஏடாகூடமாக ஒரு வார்த்தை பேசினால் இவர் வாயிலிருந்து கொட்டுவதும் அதேதான் என்று எவனோ ஒரு குறும்புக்காரன் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தவனுக்கு அன்றைக்கே ஒரு பல் போனது.

வாயோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கை நீளும். ஃபில்டர் மணல் என்று சொல்லிக் கட்டட மணலைத் தலையில் கட்டிய கடைக்காரரின் முகத்தை அந்த மூட்டைக்குள்ளேயே அமுக்கியிருக்கிறார். பம்பு ஓடும்போது வால்வுப் பிடியைத் திருப்பி உள்ளே இருந்த ரப்பரைக் கிழித்துவிட்டு, "நான் தொடவே இல்லையே" என்று சாதித்த ஒரு வீட்டுக்காரரை அவருடைய குளத்தங்கரையிலேயே வைத்து அறைந்தார். அதோடு அந்தத் தெருவில் ஆறு வீட்டு வேலை கைவிட்டுப் போயிற்று. பழைய மணலைக் கையால் அள்ளாமல் மண்வெட்டியால் குத்தி, தொட்டியின் அடியில் தண்ணீரை வடித்து அனுப்பும் விரல் போன்ற பிளாஸ்டிக் குழாய்களை உடைத்த வேலையாளுக்கு அதே மண்வெட்டிக் காம்பால் மண்டையில் நாலு தையல். கேட்டால், "ஃபில்டருக்கு வாயில்ல, அதுக்காக நான் பேசினேன்" என்பார்.

வாய் இருந்த ஒருத்திக்கும் அந்தக் கைதான் பேசியது. அவர் மனைவியைச் சொல்கிறேன். மூடி மறைத்து அவரை நல்லவராக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கல்யாணமான முதல் பத்து வருடம் அடித்தார். பிறகு ஒருநாள், ஏழு வயது மகள் கதவிடுக்கில் நின்றபடியே பாவாடையில் சிறுநீர் விட்டுவிட்டதைப் பார்த்தார். அதன் பிறகு வீட்டில் கையை ஓங்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டவேண்டுமென்றால் நீங்கள் பாராட்டிக்கொள்ளுங்கள்.

மகள் என்றால் உயிர். அவளுக்கு மாப்பிள்ளை தேடியபோது அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான், கோபமே வராத ஆள். தன்னைப்போல ஒருவன் கையில் அவளைக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். வெளியே தேடவும் வேண்டியிருக்கவில்லை. அவரிடமே நாலு வருடமாக வேலை பார்த்தவன் ஒருவன் இருந்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். பேக்வாஷ் அண்ணன் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்தாலும் சிரித்துக்கொண்டே நிற்பான். இவனைவிட்டால் ஆளில்லை என்று தானே பேசி, தானே முடித்தார். அதுவரை 'டா' போட்டவர், மறுநாளிலிருந்து 'வாங்க மாப்ள, போங்க மாப்ள' என்று மாறினார்.

அந்தச் சிரிப்பெல்லாம் வெளியே மட்டும்தான். மாமனாரிடம் பகல் முழுக்க வாங்கியதை அவன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் இறக்கினான். ஐந்தாவது மாதத்தில் மகள் கிழிந்த உதட்டோடு வந்து நின்றாள். பேக்வாஷ் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவி வாசலை மறித்தாள்.

"எங்க போறீங்க?"

"அவன் கையை உடைக்கப் போறேன்."

"பத்து வருஷம் நீங்க என்னை அடிச்சப்போ எங்கப்பா வந்து உங்க கையை உடைச்சாரா? எந்த மூஞ்சியோட போய்க் கேப்பீங்க?"

ஊரையே உலுக்கிய மனுஷன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மகள் இரண்டு நாள் இருந்துவிட்டுத் தானாகவே திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தாள், மூன்று தடவையும் போனாள். ஒவ்வொரு தடவையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவனோடு வேலைக்குப் போனார். இவள் ஒருநாள் உயிரோடு வரமாட்டாள் என்ற பயம் அவரைவிட்டுப் போகவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மகள் வந்தாள். வலது மணிக்கட்டு முழங்கை அளவுக்கு வீங்கியிருந்தது. அலமாரிக் கதவுக்கு நடுவில் கையை வைத்துச் சாத்தியிருக்கிறான். தேநீரில் சர்க்கரை குறைந்துவிட்டதாம்.

"ஒரு தடவை இல்லப்பா, மூணு தடவை சாத்துனாரு" என்றாள். அழக்கூட இல்லை.

தாய் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். இவர் வேலைக்குப் போனார். மருமகன் சொன்ன நேரத்துக்கு, தலையை வாரிக்கொண்டு, ஒரு பல் டாக்டரம்மாவின் வீட்டு வாசலில் காத்திருந்தான்.

"என்ன மாமா, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?"

இவர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

அந்த வீட்டு ஃபில்டருக்கு அன்றைக்கு மணல் மாற்றும் வேலை. வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட பம்பு அறை, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும். மேலே வால்வைப் பிடித்திருந்த இரும்பு வளையத்தைக் கழற்றினார்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கேறிய மணலைக் குவளையால் அள்ளி, அடியில் கையால் துழாவி எடுத்தார்கள். பாதித் தொட்டி தண்ணீர் விட்டு, புது மணலை மெதுவாகக் கொட்டினார்கள். மூன்று மணி நேரமும் இவர் கண் மருமகனின் பிடரியிலேயே இருந்தது. கையில் இருந்த, திருகு முறுக்கும் இரும்புச் சாவியை இரண்டு தடவை கீழே வைத்தார், இரண்டு தடவையும் திரும்ப எடுத்தார்.

தொட்டியை மூடும் வேலையை எப்போதும் இவர்தான் செய்வார். வளையத்தை மாட்டி, திருகை ஒரு சுற்று முறுக்கி, ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, மறுபடி ஒரு சுற்று. தட்டினால்தான் வளையம் விளிம்பில் உட்காரும். உட்காராத வளையம் அழுத்தம் ஏறும்போது கழன்றால், பத்துக் கிலோ வால்வு மேலே இருப்பவன் தலையோடு கூரைக்குப் போகும். அப்படிப் போன ஒருவனைச் சின்ன வயதில் இவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் இந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை.

அன்றைக்கு விட்டார்.

"நீங்களே மூடுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சுவிட்சு பக்கம் போய் நின்றார்.

மருமகனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே மூச்சில் திருகை முறுக்கினான். சுத்தியலைத் தொடவே இல்லை. ஒரு பக்கம் வளையம் விளிம்பின் மேலேயே நிற்பது இவருக்கு இங்கிருந்தே தெரிந்தது. தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் குழாயை அவன் திறக்க மறந்ததும் தெரிந்தது.

"போடுங்க மாமா."

போட்டார். பம்பு உறுமியது. அழுத்தம் காட்டும் கேஜில் முள் ஐந்துக்கு வந்தது, பத்துக்கு வந்தது. தண்ணீருக்குப் போக வழியில்லை. பதினைந்து. மருமகன் முகம் சுளித்து, காற்றைத் திறந்துவிட வால்வின் மேல் நன்றாகக் குனிந்தான். இருபது. வளையம் முனகியது. மகளின் மணிக்கட்டு இவர் கண் முன்னால் வந்தது. மூணு தடவை, மூணு தடவை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார். இருபத்தைந்து.

வலது கை சுவிட்சை அணைத்தது.

அவர் அணைக்கச் சொல்லவில்லை. முப்பது வருடமாக முள் இருபத்தைந்தைத் தாண்டினால் அணைத்த கை, யாரையும் கேட்காமல் அணைத்துவிட்டது. வேகம் சட்டென்று இறங்கியது. ஆனாலும் உள்ளே மிச்சம் இருந்த அழுத்தத்தில் வளையம் தெறித்து, வால்வு மருமகனின் இடது காதைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு சுவரில் மோதி விழுந்தது. அறை முழுக்கத் தண்ணீரும் மணலும் ரத்தமும். அவன் தரையில் உட்கார்ந்து தலை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். பிறகு தவழ்ந்து வந்து இவர் காலைக் கட்டிக்கொண்டான்.

"தெய்வம் மாமா நீங்க. என் உயிரைக் காப்பாத்திட்டீங்க."

அந்த வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவனை வெளியே இழுத்துப் போட்டு, குளத்தைச் சுத்தம் செய்யும் நீளக் கம்பை எடுத்தார். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில், அடுத்தது அவன் மறைத்துக்கொண்ட கையில். விரல் ஒன்று மடிந்த சத்தம் கேட்டது. கம்பு வளைந்ததும் காலால் மிதித்தார். வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, மூச்சு மட்டும் இரைந்தது. எதற்கு அடிக்கிறோம் என்று சொன்னால் மனைவியின் கேள்வி திரும்ப வரும். பல் டாக்டரம்மா ஓடிவந்து தோட்டத்துக் குழாயை அவர் முகத்தில் பீய்ச்சி அடித்த பிறகுதான் நின்றார்.

"வளையத்தைத் தட்டாதது என் தப்புதான் மாமா" என்று அழுதான் மருமகன். "அதுக்காக இப்படியா அடிப்பாங்க?"

வளையத்துக்காக அடி வாங்கியதாகத்தான் அந்தப் புண்ணியவான் நினைத்துக்கொண்டிருந்தான். நினைத்ததில் தப்பும் இல்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பேக்வாஷ் அண்ணன் மண்டையை உடைத்தவர் ஆயிற்றே.

இவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்ததும் அதே ஆஸ்பத்திரிதான். நீளமான வராந்தாவில் மாவுக்கட்டுக் கையோடு மகள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் தாய். காதிலும் விரலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த மருமகன் அவர்கள் எதிரிலேயே நின்று கதையை ஆரம்பித்தான். முள் எப்படி ஏறியது, வளையம் எப்படித் தெறித்தது, எல்லாவற்றையும் சொன்னான். மனைவியின் மாவுக்கட்டை அவன் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உங்கப்பா மட்டும் ஒரு நொடி அசந்திருந்தா இன்னைக்கு எனக்குத் தலையே இருந்திருக்காது" என்றான் அவளிடம். "என்னமா அடிச்சாரு தெரியுமா? பரவால்ல. எனக்கு உயிர் கொடுத்தவரு, அடிக்க உரிமை இருக்கு."

சொல்லிவிட்டு மருந்துச் சீட்டோடு வரிசையில் போய் நின்றான். அங்கேயும் முன்னால் நின்றவரிடம் அதே கதையைத் தொடங்குவது கேட்டது.

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுவிட்சுகிட்ட நீங்கதான் நின்னீங்களா?"

"ஆமாம்மா."

"வளையம் சரியா உக்காரலன்னு பாத்தீங்களா?"

அவர் தலையை ஆட்டினார்.

"பாத்துட்டுத்தான் போட்டீங்களா?"

பெற்ற மகளிடம் பொய் சொல்ல வரவில்லை. "ஆமா" என்றார். இனி அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைத்தார். கொலைகாரா என்று கத்துவாள் என்று எதிர்பார்த்து, கத்தட்டும் என்று காத்திருந்தார்.

அவள் கத்தவில்லை. வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த புருஷனை ஒரு தடவை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்புறம் ஏம்ப்பா அணைச்சீங்க?"

அவர் உதவிக்கு மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் மகளை அதட்டவில்லை. அவளும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.