எத்தனை வராது?

சண்முகப்ரியாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் வரும். பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பம்ப் கம்பெனியில் நான் ஸ்டோர் கீப்பர், அவள் பர்ச்சேஸ். தோட்டங்காட்டில் கூலி வேலைக்குப் போன தாய் தகப்பனுக்குப் பிறந்து, டிப்ளமோ முடித்து, பில் போட வந்து சேர்ந்தவள், எட்டே வருடத்தில் ஒப்பந்தம் எழுதும் இடத்துக்கு வந்துவிட்டாள்.

எங்கள் தலைவலிக்குப் பெயர் நஞ்சப்பன். பம்புக்கான இரும்பு வார்ப்புகளை ஊற்றித் தரும் பவுண்டரிக்காரர். தங்கமான மனிதர், சரக்கும் தரம். எப்போது வரும் என்று கேட்டால் மட்டும், "வெள்ளிக்கிழமை செஞ்சுபோடலாங்க" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்பது அவருக்கே தெரியாது. தாமதத்துக்குப் பிடித்தம் உண்டு என்று பழைய ஒப்பந்தம் சொன்னது. அதையும் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டு, மறுபடி வெள்ளிக்கிழமை என்பார். மார்கழியில் வார்ப்பு இல்லாமல் அசெம்பிளி இரண்டு நாள் நின்றது. இன்னொரு தடவை நின்றால் நஞ்சப்பனை மாற்றிவிடுவதாக முதலாளி வெங்கடபதி சொல்லிவிட்டார். பதினெட்டுப் பேர் வேலை செய்யும் பவுண்டரி அது. எங்கள் ஆர்டரை நம்பித்தான் ஓடுகிறது.

பொய்க்காரர் என்றேன் நான். அவள் சரக்கு வந்த நாளைப் பதியும் கேட் ரிஜிஸ்தரை இரண்டு வருடத்துக்குப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொய் இல்லீங்ண்ணா. அவரு மனசுக்குள்ள எல்லா ஆளும் வேலைக்கு வந்துடறாங்க, கரண்டும் போறதில்ல" என்றாள்.

சரக்குத் தருகிற எல்லோருக்குமான ஒப்பந்தத்தை மாற்றி எழுதினாள். முடியாது என்று புதன்கிழமைக்குள் சொல்லிவிட்டால் பிடித்தம் கிடையாது, அடுத்த ஆர்டரும் குறையாது. சொல்லாமல் விட்டால் இரட்டிப்பு. ஒரு மாதம் ஒருவரும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? போனில்கூட வராது.

மறுபடி ஒரு வரியை மாற்றினாள். புதன்தோறும் எங்கள் வண்டி டிரைவரிடம் ஓர் அரைத்தாள் போகும். எத்தனை வரும் என்று அதில் கேட்கவில்லை. 'இந்த வாரம் எத்தனை வராது?' என்று கேட்டிருந்தாள். எல்லாமே வரும் என்றால் பூஜ்யத்தைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் சிரித்தேன். மூன்றாவது வாரம் நஞ்சப்பனின் தாள் வந்தது. பூஜ்யத்தைப் போட்டு, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் அறுபது என்று எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மதுரை டீலருக்கு அந்த வாரமே முந்நூறு பம்ப் போக வேண்டுமாம்; ஆகுமா என்று கேட்டார். "ஆகட்டுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். நஞ்சப்பனின் தாள் கையிலேயே இருந்தது. பம்புக்கு ஒரு வார்ப்பு; அந்த வாரம் அவரிடம் கேட்டிருந்ததும் முந்நூறுதான். கதவோரம் நின்று அதையே பார்த்தாள், முகம் சிவந்துவிட்டது. என்னிடம் நிரப்பாத அரைத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, 'எத்தனை வராது?' என்பதற்கு எதிரே அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, உள்ளே போய் முதலாளியின் மேஜையில் வைத்தாள். கதவு திறந்தே இருந்தது.

"எனக்கே சொல்ல வரலீங்க சார். எழுதிக் கொண்டாந்துட்டேன்."

நஞ்சப்பன் கதை முடிந்தது என்று பயந்தேன். முதலாளி தாளை எடுத்துப் படித்தார். இருநூற்று நாற்பதுக்கு அசெம்பிளியைத் திட்டமிடச் சொன்னார். முன்னாலேயே தெரிந்தால் லைன் எதற்கு நிற்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். பிறகு மதுரைக்குப் போன் போட்டார். மழை உண்டா என்றார், பிள்ளைகள் சுகமா என்றார், இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். கடைசியில் தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஏனுங்க, அறுபது வராதுங்க."