மட் டயரின் இரைச்சல்

எங்கள் ஜீப்புக்கு என் கணவர் பெரிய மட் டயர் போட்டது சம்பூர் வயலுக்காக. மாரிச் சேற்றில் வேறு டயர் நிற்காது. ஆனால் தார் ரோட்டில் ஏறினால் அது போடுகிற இரைச்சல் இருக்கிறதே, காது போய்விடும். சந்தியில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும்.

அவர் கொரோனாவில் போனார். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. மகனின் முகத்தைப் பார்க்காமலே மாமிக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. பிறகு ஜீப்பை நான் ஓட்டினேன். பின்னேரம் சந்தியில் இரைச்சல் கேட்டதும் மாமி குசினியில் இரண்டு பிளேன்டீ ஊற்றி வைப்பார். "வந்திட்டான்" என்பார். அவர் செத்துப்போனார் என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, அவருக்கு ஊற்றியதையும் நானே குடித்துவிடுவேன். சில நாள் இறங்கிய பிறகு ஓட்டுநர் சீட்டை இன்னொரு தரம் திரும்பிப் பார்ப்பேன். விசர்தான், வேறென்ன.

டீசலைக் கிழமைக்கு இவ்வளவென்று அளந்து கொடுத்த காலம் வந்தது. மாமிக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் திருகோணமலை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். இரண்டாந்தரம் திரும்பி வருவதற்குள் டீசல் தாங்கி வறண்டுவிடும். ஒரு கிழமை, வழியில் நின்றுவிடும் என்ற பயத்தில் இரண்டாந்தரப் பயணத்தை விட்டுவிட்டோம். மாமி கால் வீங்கி மூச்சுக்கு இழுத்ததைப் பார்த்த பிறகு, கிண்ணியாவில் டயர் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் போனேன்.

"தங்கச்சி, இப்ப வயலுக்குப் போறல்லதானே? இந்த டயர்ட பாரத்தையும் கட்டை கட்டையான பல்லையும் உருட்டத்தான் எஞ்சின் டீசல் குடிக்குது. ரோட்டு டயரைப் போடுங்க."

"காத்தைக் கூட்டி அடிச்சால் காணாதா?"

"கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். உங்கட பயணத்துக்குக் காணாது."

எனக்கு அந்த மனுசன் மேல் சும்மா கோபம் வந்தது. அந்தச் சத்தத்தையும் கழற்றிவிட்டால் மாமிக்கு என்ன மிஞ்சும்? எனக்குத்தான் என்ன மிஞ்சும்? ஆனால் மூச்சு முட்டுகிற மனுசியை வைத்துக்கொண்டு சத்தத்துக்கு ஆசைப்பட ஏலாது. மாற்றினேன்.

அன்று பின்னேரம் வெறும் எஞ்சின் சத்தத்தை வேறு யாருடையதோ என்று விட்டிருப்பார்; நான் பக்கத்தில் போய் நிற்கும் வரை மாமிக்குத் தெரியாது. திடுக்கிட்டுப்போனார்.

"ஆர்?"

"நான்தான் மாமி."

"ஜீப் எங்க?"

"முத்தத்தில நிக்குது. டயர் மாத்தினனான்."

குசினியில் தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை.

அந்தக் கிழமை முதற்தரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஜீப் வழுக்கிக்கொண்டு ஓடியது. டீசல் முள் இறங்குவதாயில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்கூட. மூதூர் தாண்டியதும் மாமி வாய் திறந்தார்.

"பிள்ளை, அவன் செத்துப்போனான், என்ன?"

"ஓம் மாமி."

செத்த வீட்டுச் செய்தி அப்போதுதான் வந்ததுபோல ஆஸ்பத்திரி வாசல்வரை அழுதார். எத்தனையோ முறை நான் சொன்ன அதே வார்த்தைதான். அன்றுதான் அவருக்குக் கேட்டது.

இரண்டாந்தரம் போகிற நாள், போய்வர வேண்டிய டீசல் தாங்கியில் இருந்தது. ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிவிட்டு உள்ளே வந்தேன். மாமி கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் வரேல்ல, பிள்ளை. இனி ஆர் வருவினமெண்டு நான் இருக்கிறது?"

"நான் வருவன்தானே, மாமி."

முற்றத்தில் ஜீப் சும்மா டீசல் குடித்துக்கொண்டு நின்றது. மாமி எழும்பவேயில்லை; போய் எஞ்சினை நிறுத்தினேன்.