ஐந்தாவது கூடை

ஓய்வு பெற்றபின் என்னிடம் மிஞ்சியது ஒரு வகுத்தல் கணக்கு. மொத்த உற்பத்தியை உழைத்த நேரத்தால் வகுத்தால் உழைப்பின் திறன் கிடைக்கும். அரசாங்கத்தில் இருந்தவரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பூண்டியில் மலைப்பூண்டுக் கொட்டகை வைத்திருப்பவர்தான் முதலில் கேட்டார்.

அவரிடம் ஐந்து பெண்கள் பூண்டின் தாளையும் வேரையும் நறுக்கித் தரம் பிரித்தார்கள். ஒருத்தி காய்ச்சலில் இறந்துபோனாள். கருமாதி முடிந்ததும் அந்த இடத்துக்கு வருவதாக அவள் மகள் சொல்லியிருந்தாள். நாலு பேரே போதுமா என்று அளந்து சொன்னால் மகளுக்குப் பதில் சொல்லிவிடலாம் என்றார் முதலாளி.

நாயுடுபுரத்திலிருந்து வெள்ளென வண்டி பிடித்து, வேலை தொடங்கும் நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். நால்வரும் அதற்குள் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குள்ளும் மூடுபனி. கூடைகள் ஐந்து இருந்தன. ஐந்தாவதன் பின்னால் மடித்த சாக்கு மட்டும். ஒவ்வொருத்தியும் தன் கூடையில் போடப் போட, இடையிடையே ஒரு கைப் பூண்டை அந்த ஐந்தாவதிலும் போட்டாள். நான் அந்தச் சாக்கில் உட்காரப் போனேன்.

"அங்கின வேணாம் சார். அக்கா எடம்," என்றாள் மூத்தவள்.

"அவங்கதான் இல்லையே?"

"உசுரோட இருந்தப்பகூட அக்கா இம்புட்டு வெட்டுனதில்ல சார்," என்றாள் இளையவள். "வாய்தான் வெட்டும்."

"வாய மூடுடி. கேட்டுக்கிட்டு இருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் சாக்கைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், படித்தவன் பார்க்கக் கூடாதுதான்.

மதியம் சோற்றுத் தூக்கை யாரும் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"சோலி கொறஞ்சா வேற ஆளப் போட்டுருவாரு சார்," என்றாள் மூத்தவள். "மக வர்ற வரைக்கும் அக்கா பங்கையும் நாங்க முடிச்சிட்டா, எடம் அப்படியே கெடக்கும்ல?"

"ஐந்தாவது ஆளே வேண்டாம் என்றுதான் அவருக்குக் காட்டுகிறீர்கள்."

அவள் கை நின்றது. "நாங்களா?"

விதிப்படி எழுதினேன். ஆளுக்கு உற்பத்தி கூடியிருக்கிறது; மணிக்கு உற்பத்தி குறைந்திருக்கிறது. விடியற்காலையையும் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் ஐந்தாவது ஆள் அவசியம். முதலாளிக்கு முதல் வரியே போதுமாக இருந்தது.

"மணிக் கணக்கு எதுக்கு சார்? நாள் கூலிதான? அவங்களா வெள்ளனே வாராங்க, நானா கூப்ட்டேன்?"

மகள் பெருமாள்மலைக்கு ஹோட்டலில் பாத்திரம் கழுவப் போனாள்.

பிறகொரு நாள் வீட்டுக்குப் பூண்டு வாங்கப் போனேன். ஐந்தாவது கூடை நிறைந்துகொண்டிருந்தது.

"இன்னுமா?" என்றேன்.

"ஒரு நா நிறுத்திப் பாத்தோம் சார்," என்றாள் மூத்தவள், தலை நிமிராமல். "நேத்து வந்த எடை இன்னைக்கு எங்கன்னு கத்துனாரு." ஒரு கைப் பூண்டை அதில் போட்டாள். "பஸ்ஸுல பாத்தா அக்கா மக கேக்குறா, எங்கம்மாவ எப்பத்தான் வேலைய விட்டு அனுப்புவீங்கன்னு."