பாப்பாத்தி அத்தையின் பாத்தி

அப்பாதுரை மாமா மீன் வாங்கப் போனவர். 2004 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூனிமேட்டுப் பக்கத்துக் குப்பத்தில் நல்ல மீன் பட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு, பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். அன்றைக்குத்தான் கடல் ஊருக்குள் வந்தது. சைக்கிள் சவுக்குத்தோப்பில் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை.

அவர் மனைவி பாப்பாத்தியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குப் பக்கத்து வீடு. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரி வயிறு வளர்த்தவள். சத்தமாகச் சிரிப்பாள், அதைவிடச் சத்தமாகத் திட்டுவாள். மேஸ்திரி பலராமன்கூட அவள் வரப்பில் வருவதைப் பார்த்தால் வேறு வரப்பில் திரும்பிவிடுவார்.

மாமா போன பிறகு அவள் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. "பொணம் எங்க? காட்டு, கழட்டுறேன்" என்பாள். காரியம் செய்யச் சொல்லி வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்து போனார்கள். நாத்தனார் விருத்தாம்பாள் மட்டும் விடவில்லை.

"ஊரு இன்னா பேசுது தெரியுமா உனக்கு? செத்தவனுக்குப் பொட்டு வச்சிக்கினு திரியுறாளேன்றாங்க. எங்க அண்ணனுக்கு ஒரு பிண்டம் வைக்க வுடமாட்டியா நீ?"

"உங்க அண்ணன் செத்தத நீ பாத்தியா?"

விருத்தாம்பாள் அழுதுகொண்டே தன் ஊர் பிரம்மதேசத்துக்குப் பஸ் ஏறுவாள்.

அடுத்த வருஷம் உப்பளம் முழுக்கக் கடல் சேறு. அதைத் தள்ளிவிட்டுப் பாத்தி கட்டித் தொழில் தொடங்கவே பங்குனி ஆகிவிட்டது. கோடை வெயிலில் பாத்தித் தண்ணீர் லேசாக ரோஸ் ஆவது புதிதில்லை. 2005இல் ரோஸோடு நிற்கவில்லை. சிவந்தது. அதிலும் அத்தை வேலை பார்த்த கடைசிப் பாத்தி, கெடா வெட்டிய இடத்தைக் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. உச்சிவெயிலில் உப்பளத்தில் நிழலே கிடையாது. காற்று நின்றுவிட்ட நேரத்திலும் அந்தச் சிவப்பு ஓரத்தில் மெல்ல அசைவதுபோல் இருக்கும். "அலையில போனவங்க ரத்தம்டீ" என்று மற்றப் பெண்கள் இறங்க மறுத்துவிட்டார்கள்.

நான் அப்போதுதான் புதுச்சேரியில் நுண்ணுயிரியல் முடித்திருந்தேன். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பயத்தைத் தெளியவைக்கலாம் என்று ஒரு மத்தியானம் போனேன். அத்தை முழங்கால்வரை சிவப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"ரத்தம் இல்ல அத்தை. நுண்ணுயிர்."

"இன்னா உயிர்?"

"கண்ணுக்குத் தெரியாத உயிர். மொதல்ல பச்சையா ஒரு பாசி வரும். உப்பைத் தாங்க உள்ள இனிப்பா ஒண்ணு சேத்து வச்சிக்கும். அது சாவும்போது அந்த இனிப்பு தண்ணில கலந்துடும். அதைத் தின்னுதான் இந்தச் செவப்பு வளருது. செவப்ப ஒடைக்கிறதுக்கு வைரஸ் இருக்குது. ஒடஞ்சு சிந்துறத மிச்சம் இருக்கிறதுங்க தின்னும். வெயில் கூடி, மழை காலம் தப்பிப் பேஞ்சா யார் கை ஓங்கும்னு யாருக்கும் தெரியாது."

"ஒண்ணு செத்தாத்தான் இன்னொண்ணு பொழைக்கும்ன்ற."

"ஆமா."

"கடல்லேர்ந்தா வந்துச்சு?"

"கடல் தண்ணியோடதான் வரும். அலை சேத்தக் கொண்டாந்து கொட்டிச்சு இல்ல, அந்தச் சத்துலதான் இவ்ளோ செவப்பு."

அத்தை குனிந்து பார்த்தாள். "தண்ணி வத்தி உப்பாயிட்டா செத்துடுமா?"

"சாவாது" என்றேன் பெருமையாக. "உப்புக் கல்லுக்குள்ள துளித் தண்ணி மாட்டிக்கும். அதுக்குள்ள உயிரோடவே இருக்கும். வருஷக்கணக்கா."

அவள் ஒரு காலை மெல்லத் தூக்கினாள். எதையோ மிதித்துவிட்டவள்போல. பிறகு வரப்பில் ஏறி உட்கார்ந்து தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொன்னதில் 'நுண்' அவள் காதில் விழவே இல்லை. உயிர் மட்டும் விழுந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பாத்தியில் உப்பு விளையவே இல்லை. படியத் தொடங்கினால் போதும், அத்தை மடையைத் திறந்து புதுத் தண்ணீர் விட்டுவிடுவாள். கல்லுக்குள் மாமா மாட்டிக்கொள்ளக் கூடாது. மேஸ்திரி கத்திப் பார்த்தார். வேறு யாரும் இறங்கத் தயாராக இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்.

அவள் வரப்பில் உட்கார்ந்து பேசுவதை நானே கேட்டிருக்கிறேன்.

"இன்னாய்யா, வெயிலு ஜாஸ்தியா இருக்குதா?"

சிவப்புக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று குமிழி வந்து உடையும். அடிச்சேற்றில் வாழ்கிறவை விடும் வாயு அது. அது எனக்குத் தெரியும். அவள் கேட்டு முடிக்கும்வரை அது ஏன் காத்திருந்தது என்பதுதான் தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை யாரும் எதிர்பார்க்கவில்லை. உப்பளம் ஏரியாகிவிட்டது. மழை விட்ட காலையில் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். வரப்பு ஓரிடத்தில்தான் தலைகாட்டியது. தண்ணீரில் வானம்தான் தெரிந்தது.

"எங்கடா?"

"மழைத் தண்ணி அத்தை. உப்பு இல்லாம அதுங்க உடம்பு தாங்காது. வெடிச்சிடும்."

"வலிச்சிருக்குமா?"

அவள் நின்ற இடத்திலேயே தாலியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் விருத்தாம்பாளுக்கு ஆள் அனுப்பினாள். வந்தவளிடம் நிதானமாகச் சொன்னாள்:

"உங்க அண்ணன் நேத்து மழையில செத்துட்டாருடீ."

விருத்தாம்பாள் அப்போதுதான் செத்தவருக்கு அழுவதுபோல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மழை நாளிலிருந்து கணக்குவைத்துக் காரியம் நடந்தது. பிண்டத்தைக் காக்கை எடுத்தது. அத்தை பொட்டில்லாத நெற்றியோடு தை மாதம் வேலைக்குப் போனாள். சாப்பிட்டாள், மேஸ்திரியைத் திட்டினாள். தேறிவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

2006இல் வெயில் மாசியிலேயே ஏறிவிட்டது. சேற்றுக்குள் தப்பிக் கிடந்தவை எழுந்திருக்க வேண்டும். அத்தை கடைசிப் பாத்திக்குப் போன அன்று நானும் பின்னால் போனேன். தண்ணீர் போன வருஷத்தைவிட அடர்த்தியாகச் சிவந்திருந்தது. இந்தத் தடவை கேட்பதற்கு முன்பே, அவள் நின்ற வரப்பை ஒட்டியே குமிழிகள் வந்து வந்து உடைந்தன.

"அத்தை, இது வேற. போன வருஷத்து..."

"நீ சும்மா இர்றா."

சட்டென்று முந்தானையை இழுத்து நெற்றியையும் வெறும் கழுத்தையும் மூடிக்கொண்டு, பாத்திக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"இந்தக் கோலத்துல அவரு மூஞ்சில எப்பிட்றா முழிப்பேன்?"