போகியன்று எரியாத பாய்

நான் வசிக்கும் பூச்சோங்கில் இன்று யாரோ பிளாஸ்டிக் எரித்த வாடை, சிறுவயதில் நாங்கள் இருந்த சாலாக் செலாத்தான் குடியிருப்பின் பலகை வீடுகளை நினைவுபடுத்தியது. இப்போது அங்கே நெடுஞ்சாலைதான் இருக்கிறது. போகி விடியலில் வாசலுக்கு வாசல் ரப்பர் செருப்பும் பிளாஸ்டிக் பாயும் வாழைச் சருகும் ஒன்றாக எரிந்து கரும்புகை எழும்ப, உள்ளே என் தங்கைக்கு இழுப்பு வந்துவிடும். ஒரு போகியன்று அம்மா பக்கத்து வீட்டு நெருப்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்.

“பழசக் கொளுத்தாட்டி வீட்டுக்கு ஆகாதுலா, அக்கா,” என்றார் அந்த வீட்டு மாமா.

“எம்புள்ள மூச்சு நின்னா எதக் கொளுத்துவ, தம்பி? சருக என் வாழைக்குப் போடு. பாயக் குப்பை லோரிக்குக் குடு.”

மாமா மறுபடியும் தீக்குச்சியை உரசினார். அம்மா நனைந்த பாயை இழுத்து விரித்து, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தார். லோரி வரும்வரை எழுந்திருக்கவில்லை.